பஞ்சைக் கூட்டினால் கசிவு நிற்குமா?

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் மகளிர் குழு நாப்கின் தயாரிக்கிறது. மரக்கூழ் ஷீட்டை அரைத்து, அச்சில் அழுத்தி, மேலே வெள்ளை நான்-ஓவன் (நெய்யாமல் இழைகளைப் பிணைத்த) துணியும் அடியில் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்து ஓரத்தை ஒட்டுகிறோம். பேடின் நீளம் 240 மி.மீ., உள்ளே அப்படி அரைத்த மரக்கூழ்ப் பஞ்சு 10 கிராம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 60 மி.லி. வரை குடிக்கிறது. ஆனாலும் வாங்குகிற பெண்கள் திரும்பத் திரும்ப நான்கு குறை சொல்கிறார்கள்: ஓரத்தில் கசிகிறது, மேலே நசநசவென்று ஈரம் நிற்கிறது, நடந்தால் பஞ்சு நடுவில் திரண்டுகொள்கிறது, தொடை இடுக்கில் அரிக்கிறது. பஞ்சை 14 கிராமாகக் கூட்டினோம். புகார் அதிகமானதே தவிரக் குறையவில்லை. திரவத்தைக் குடித்து ஊதும் ஜெல் தூள் போட வேண்டுமா? சத்திரப்பட்டியில் கிடைக்கும் மருத்துவப் பஞ்சைக் கலந்தால் சரியாகுமா? புது எந்திரம் வாங்கப் பணம் இல்லை.
— குழுத் தலைவி, மதுரை மாவட்டம் (பெயர் வெளியிடவில்லை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. 60 மி.லி. குடிக்கிற பேடு கசிகிறது என்றால், இடம் போதாமல் அது கசியவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு ஒரு மாதவிடாய் முழுவதிலும் வெளியேறும் ரத்தம் 30 முதல் 40 மி.லி.தான். 80 மி.லி.க்கு மேல் போனால்தான் மருத்துவர்கள் அதிக உதிரப்போக்கு என்கிறார்கள். ரத்தத்தோடு சளியும் கருப்பையின் உள்சவ்வுத் துணுக்குகளும் சேர்ந்து வருவதால் மொத்தத் திரவம் இதைவிடக் கூடும். அப்படியே கூட்டிக் கணக்குப் போட்டாலும், நான்கைந்து மணி நேரம் வைத்திருக்கும் ஒரு பேடில் 60 மி.லி. சேருவது அரிது.

அப்படியானால் கசிவு எங்கிருந்து வருகிறது? கண்மாய் காலியாகக் கிடந்தாலும் மடை குறுகலாக இருந்தால் வரும் தண்ணீர் வாய்க்கால் கரையை உடைத்துக்கொண்டு போகும் அல்லவா, அதே கதைதான். திரவம் விழுகிற இடத்தில் வேகமாக உள்ளே இறங்கவில்லை. இறங்கியதும் முன்னும் பின்னும் பரவவில்லை. அதனால் கிடைத்த வழியில், அதாவது பக்கவாட்டில், வெளியேறுகிறது. நீங்கள் பஞ்சைக் கூட்டியது கண்மாயைப் பெரிதாக்கிய வேலை. மடை அப்படியே இருக்கிறது. போதாததற்கு 14 கிராம் பேடு தடித்து விறைத்து, உடம்போடு ஒட்டாமல் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் திரவம் வழியும். புகார் கூடியதற்குக் காரணம் இதுவே.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். கசிந்ததாகச் சொன்ன பேடு ஒன்று கிடைத்தால் கையுறை போட்டு நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அகலம் நனைந்திருக்கும். இரண்டு முனையும் காய்ந்து வெள்ளையாக இருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பஞ்சில் பாதிக்கு மேல் ஒரு சொட்டைக்கூடப் பார்த்திருக்காது.

முதலில் தண்ணீரை வைத்துச் சோதிப்பதை நிறுத்துங்கள். மாதவிடாய்த் திரவம் தண்ணீரைவிடப் பிசுபிசுப்பானது. சளியும் கட்டியும் கலந்தது. ஒரே சீராக வராமல், உட்கார்ந்து எழும்போது குபுக்கென்று வரும். தண்ணீரை நொடியில் உறிஞ்சும் பேடு இதன் முன்னால் திணறும். ஒரு சோதனைத் திரவம் செய்துகொள்ளுங்கள்: 900 மி.லி. கேன் தண்ணீர், 9 கிராம் உப்பு, 100 கிராம் கிளிசரின், 4 முதல் 5 கிராம் சி.எம்.சி. பவுடர், கொஞ்சம் சிவப்பு உணவு நிறம். கிளிசரின் மருந்துக் கடையில் கிடைக்கும். சி.எம்.சி. என்பது கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கெட்டிப்படுத்தும் தூள். அதை மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்கி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் மற்றவற்றைச் சேருங்கள். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கடினத்தன்மை, முக்கியமாக ஜெல்லைச் சோதிக்கும்போது, கணக்கைக் கெடுத்துவிடும்.

இனி மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்காகப் பார்ப்போம். கீழே சொல்லப் போகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: திரவம் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு இழுக்கப்படும், சிறியதிலிருந்து பெரியதற்குத் தானாக ஏறாது. ஆகவே பேடின் மேல்பகுதி திறந்த நெசவாகவும், கீழே போகப் போக நெருக்கமாகவும் இருக்க வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் ஈரம் மேலேயே நிற்கும்.

மேல் ஷீட்டில்தான் எனக்கு முதல் சந்தேகம். ‘வெள்ளை நான்-ஓவன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நான்-ஓவன் துணி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. அந்த இழைக்கு இயல்பிலேயே தண்ணீர் ஒட்டாது. பைக்கும் முகக்கவசத்துக்கும் வரும் நான்-ஓவன் அப்படியே வரும். நாப்கினுக்கு வருவதில் நீரை ஏற்கும் பூச்சு கொடுத்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலையில் மட்டும் வித்தியாசம் தெரியும். வியாபாரியிடம் ‘ஹைட்ரோபிலிக்’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 20 முதல் 25 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) போதும். புது ரோல் வந்ததும் ஒரு துண்டை மையொற்றும் தாள் மேல் விரித்து, சிரிஞ்சால் ஐந்தாறு இடத்தில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். நான்கைந்து வினாடிக்குள் எல்லாச் சொட்டும் மறைய வேண்டும். தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக நின்றால் அந்த ரோலைத் திருப்பி அனுப்புங்கள். மறைந்தாலும் அத்துடன் விடாமல், அதே இடத்தில் இரண்டாவது, மூன்றாவது முறை விடுங்கள். மலிவான பூச்சு முதல் முறையிலேயே கரைந்து போய்விடும். அந்தப் பேடு காலையில் நன்றாக இருந்து மதியத்தில் கசியும்; குறை எங்கே என்று யாருக்கும் புரியாது.

துளையிட்ட பிளாஸ்டிக் மேல் ஷீட்டும் சந்தையில் கிடைக்கிறது. திரவம் இறங்கிய பிறகு அது காய்ந்ததுபோல் இருக்கும், திரும்ப ஏறுவதும் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் வயலில் குனிந்து நிமிர்கிற பெண்ணுக்கு அது தோலில் ஒட்டி வியர்வையைக் கூட்டும். உங்கள் ஊர் வாடிக்கையாளர்களுக்கு நான்-ஓவனே நல்லது என்பது என் முடிவு. ஒருவேளை பிளாஸ்டிக் வகையை வாங்கினால், அதன் துளைகள் புனல் வடிவில் இருக்கும். அகலமான வாய் உடம்பின் பக்கமும், சொரசொரப்பாகத் துருத்தும் கூர்முனை பஞ்சின் பக்கமும் இருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் கசிவும் அரிப்பும் ஒன்றாக வரும்.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று. ஓரத்தை மட்டும் ஒட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது மேல் ஷீட் நடுவில் கூடாரம்போல் உயர்ந்து நிற்கும்; பஞ்சைத் தொடாது. தொடாத இடத்தில் இழுப்பு இல்லை. திரவம் ஷீட்டின் அடிப்பக்கத்திலேயே ஓடி ஓரத்துக்குப் போய்விடும். பேடை நடுவில் கிள்ளித் தூக்கிப் பாருங்கள், மேல் ஷீட் தனியே எழும்பினால் குறை இதுதான். சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் பசையை மெல்லிய நூலாக, சுருள் சுருளாகத் தெளித்து மேல் ஷீட்டை உள்ளே ஒட்டுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் அளவு. பட்டையாகப் பூசிவிடாதீர்கள்; பசை தண்ணீர் விடாத படலம், மடையை நீங்களே அடைத்ததாகிவிடும். பசைத் துப்பாக்கியில் தெளிப்பு வசதி இல்லையென்றால், நீளவாக்கில் நான்கைந்து மெல்லிய கோடுகள் போதும், திரவம் விழும் இடத்தின் நேர் நடுவை விட்டுவிட்டு.

பெரிய நிறுவனங்களின் பேடை வெட்டிப் பார்த்தால் மேல் ஷீட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவில் கொஞ்சம் உப்பலான, வலைபோன்ற துண்டு ஒன்று இருக்கும். வியாபாரிகள் இதை ஏ.டி.எல். என்பார்கள். குபுக்கென்று வருவதைச் சட்டென்று வாங்கி, நீளவாக்கில் பரப்பி, கீழே பஞ்சிடம் ஒப்படைப்பது இதன் வேலை. கோவை முருகானந்தம் வழிகாட்டிய வகைச் சிறு எந்திரங்களில் அரைப்பது, அச்சில் அழுத்துவது, ஒட்டுவது, புற ஊதா விளக்கில் வைப்பது என்று நான்கு வேலைதான்; இந்த அடுக்குக்கென்று தனிப் படி கிடையாது. ஆனால் கையாலேயே வைத்துவிடலாம், எந்திரம் தேவையில்லை. 40 முதல் 60 ஜி.எஸ்.எம். உள்ள, சூடான காற்றில் பிணைத்த உப்பலான நான்-ஓவனை 160 மி.மீ. நீளம், 45 மி.மீ. அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பேடின் நேர் நடுவில் வைக்காதீர்கள், சற்று முன்பக்கம் தள்ளி வையுங்கள். உள்ளாடையில் ஒட்டி அணிந்தபின் திரவம் விழுவது பேடின் மையத்துக்குச் சற்று முன்னால்தான். ஓரம் வரை நீட்டவும் கூடாது. நீட்டினால் அதுவே திரவத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். இருக்கிற பணத்தில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஜெல்லுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

இப்போது பஞ்சு. 14 கிராம் வேண்டாம், 10 கிராமும் வேண்டாம். 200 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலம் உள்ள உள்பஞ்சுக்கு 6.5 கிராம் போதும். அதை 5 மி.மீ. தடிமனுக்கு அழுத்தினால் ஒரு கன செ.மீ.க்கு 0.1 கிராம் அடர்த்தி வரும். இந்த அளவில் திரவத்தை இழுக்கவும் செய்யும், வளைந்தும் கொடுக்கும். அழுத்தாமல் பூப்போல விட்டால் முதலில் நிறையக் குடிக்கும். நனைந்ததும் மரக்கூழ் இழை நிமிர்ந்து நிற்கும் வலுவை இழந்து படுத்துவிடும். அப்போது தொடை நெருக்கினால் பஞ்சு உருண்டு நடுவில் திரளும். உங்கள் மூன்றாவது புகார் இது. மிக அதிகமாக அழுத்தினால் அட்டைபோலாகி, திரவம் மேலே வழுக்கிக்கொண்டு ஓடும். அழுத்திய உள்பஞ்சை 15 முதல் 18 ஜி.எஸ்.எம். டிஷ்யூ தாளில் சுற்றினால் திரள்வது பெரிதும் குறையும். இந்தத் தாளை விட்டுவிட்டு மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம்.

அரைப்பதிலும் கவனம் வேண்டும். அரைத்த பஞ்சை ஒரு கை அள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகளாக முடிச்சு தெரிந்தால் அரைபடவில்லை. அந்த முடிச்சு திரவத்தையும் வாங்காது, உட்கார்ந்தால் கல்போல உறுத்தவும் செய்யும். மாறாக மாவுபோலத் தூள் பறந்தால் அதிகம் அரைபட்டுவிட்டது. இழை துண்டுதுண்டாகி ஒன்றையொன்று பிடிக்காது, நனைந்ததும் கூழாகும். ஷீட்டின் ஈரமும் இதைத் தீர்மானிக்கும். 6 முதல் 10 விழுக்காடு ஈரம் இருக்கும்போது நன்றாகப் பிரியும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் காய்ந்து தூளாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி முடிச்சு விழும். ரோலைத் தரையில் வைக்காமல் பலகை மேல், பாலித்தீன் உறையோடு வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள்.

அச்சில் நிரப்பும்போது கையால் குவிப்பதால் நடுவில் மேடாகவும் முனையில் மெலிந்தும் போவது சகஜம். முன்னே, நடுவே, பின்னே என்று மூன்று துண்டாக வெட்டி எடை போட்டுப் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று குழுவுக்குக் கட்டாயம் வேண்டும். நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் பேடுக்குப் பேடு மாறக் கூடாது. ஒரு பாக்கெட்டில் ஒன்று நன்றாக இருந்து அடுத்தது கசிந்தால், வாங்கியவர் மறுபடி வரமாட்டார்.

திரவத்தை நீளவாக்கில் ஓட்ட, உள்பஞ்சில் இரண்டு பள்ளக் கோடு அழுத்துங்கள். விளிம்பிலிருந்து 12 முதல் 15 மி.மீ. உள்ளே, நீளவாக்கில், நடுவில் லேசாக உள்வளைந்து. அச்சுத் தட்டில் 2 மி.மீ. கம்பியைப் பற்றவைத்தாலே போதும். லேத் பட்டறையில் செய்துகொடுப்பார்கள். அழுத்திய கோட்டில் இழை நெருக்கமாவதால் திரவம் அதைப் பிடித்து முன்னும் பின்னும் ஓடும். பேடும் அந்தக் கோட்டில் மடிந்து உடம்பின் வளைவுக்கு இணங்கும். மேல் ஷீட்டோடு சேர்த்துச் சூடாக அழுத்துவதானால் எச்சரிக்கை: வெப்பம் மிகுந்தால் நான்-ஓவன் உருகிக் கண்ணாடிக் கோடாகும். அது தோலை அறுக்கும், திரவமும் விடாது.

ஜெல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் மேலே சொன்னவை சரியான பிறகு. விற்பவர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். அதை நம்பி அளவு முடிவு செய்யாதீர்கள். வடித்த நீரில் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும் அந்தத் தூள், உப்புநீரில் முப்பது நாற்பது மடங்கோடு நின்றுவிடும். ரத்தத்தில், அதுவும் ஆள் உட்கார்ந்த அழுத்தத்தில், இன்னும் வெகுவாகக் குறையும். கணக்குக்குப் பத்து மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் வேகமும் குறைவு. ஆகவே குபுக்கென்று வருவதைப் பிடிப்பது பஞ்சின் வேலை. பஞ்சு பிடித்ததை மெல்ல வாங்கிப் பூட்டிவைப்பது ஜெல்லின் வேலை. அழுத்தினாலும் அது திரும்ப விடாது என்பதே அதன் பயன்.

ஒரு பேடுக்கு 0.6 முதல் 0.8 கிராம் போதும். உள்பஞ்சின் கீழ்ப்பாதியில், 150 × 50 மி.மீ. பரப்பில் சீராகத் தூவ வேண்டும். மேல் ஷீட்டுக்கு அருகில் போட்டாலோ, ஒரே இடத்தில் குவித்தாலோ, மணிகள் ஊதி ஒன்றோடொன்று ஒட்டி வழியை அடைத்துவிடும். பின்னால் வருவது கீழே போக முடியாமல் பக்கத்தில் போகும். ஜெல் போட்ட பிறகு கசிவு கூடியதாகச் சில குழுக்கள் சொல்வது இதனால்தான். கையால் சீராகத் தூவுவது கடினம். இரண்டு தாளுக்கு நடுவே ஜெல் ஒட்டிய ‘ஜெல் பேப்பர்’ ரோலாகக் கிடைக்கிறது. அதை வெட்டி அடியில் வைப்பது உங்களுக்குத் தோது. தூளாகவே வாங்கினால் வேலை செய்பவர்கள் முகக்கவசம் போட வேண்டும். தரையில் சிந்தினால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, வழுக்கி விழுவார்கள். உலர்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள்.

சத்திரப்பட்டிப் பஞ்சு விஷயம். ராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரத்தில் கட்டுத்துணியும் மருத்துவப் பஞ்சும் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. மருத்துவப் பஞ்சு என்றால் மெழுகு நீக்கி வெளுத்தது. ஆலைக் கழிவுப் பஞ்சை அப்படியே வாங்கிவிடாதீர்கள். இயற்கை மெழுகு இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். ஒரு கொத்தைத் தண்ணீரில் போட்டால் பத்து வினாடிக்குள் மூழ்க வேண்டும். ஆனால் நல்ல பஞ்சாக இருந்தாலும் உங்கள் குறையை அது தீர்க்காது. பருத்தி நிறையக் குடிக்கும், குடித்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும், நனைந்தால் மரக்கூழைப்போலவே படுத்துவிடும். செயற்கைத் துணி ஒத்துக்கொள்ளாத பெண்களுக்கென்று தனியாக ஒரு ரகம் செய்ய நினைத்தால், மேல் ஷீட்டாகப் பருத்தி நான்-ஓவன் போடலாம். கொஞ்சம் ஈரம் மேலே தெரியும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று சொல்லியே விற்க வேண்டும்.

அரிப்புக்குக் காரணம் ஒன்றல்ல. மேலே ஈரம் நிற்பதே முதல் காரணம். மேல் ஷீட்டைச் சரிசெய்தாலே பாதி குறையும். இரண்டாவது, ஓரத்து ஒட்டு. சூட்டில் ஒட்டிய விளிம்பு விறைத்து, கத்திபோல் தொடையில் உரசும். ஒட்டுக் கோட்டை 3 மி.மீ.க்குள் வைத்து, அதற்கு வெளியே 6 முதல் 8 மி.மீ. ஒட்டாத மென்மையான துணியை விடுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். மூன்றாவது, அடி ஷீட். சாதாரணப் பிளாஸ்டிக் ஆவியை விடாது. நம்மூர் வெயிலில் உள்ளே வெந்துபோகும். நுண்துளை உள்ள, மூச்சுவிடும் அடி ஷீட் விலை கூடுதல்தான். ஆனால் கோடை மாதங்களில் மட்டுமாவது போட்டுப் பாருங்கள், புகார் எவ்வளவு குறைகிறது என்று எழுதிவையுங்கள். வாசனைத் தைலம் எதையும் சேர்க்க வேண்டாம். அது நாற்றத்தை மறைக்கும், தோலைப் புண்ணாக்கும்.

நழுவுகிற பேடும் உரசும். பின்புறப் பசைக் கோடுகள் முனை வரை போக வேண்டும். நடுவில் மட்டும் இருந்தால் முனை மடங்கும். இறக்கை வைப்பதானால் அதையும் மையத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கிராமத்தில் வயதான பெண்கள் பலர் சேலைக்குள் ஜட்டி அணிவதில்லை. ஒட்டுகிற பேடு அவர்களுக்கு உதவாது. இரு முனையிலும் நாடா வளையம் வைத்த ரகத்தைச் சிறு அளவில் தொடர்ந்து செய்யுங்கள். இரவுக்கு வேறு ரகம் வேண்டும். படுத்திருக்கும்போது திரவம் பின்பக்கம் போவதால் 280 முதல் 320 மி.மீ. நீளமும், பின்பகுதியில் கூடுதல் அகலமும் வேண்டும். பகல் பேடையே தடிமனாக்கி இரவு பேடு என்று விற்பது சரியல்ல.

ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று சோதனையில் பாருங்கள். முதலாவது வேகம். 10 செ.மீ. சதுர அக்ரிலிக் துண்டின் நடுவில் துளையிட்டு, ஒரு அங்குலக் குழாயில் 5 செ.மீ. துண்டு வெட்டி அதில் ஒட்டுங்கள். அதைப் பேடின் மேல் வைத்து, குழாய்க்குள் 5 மி.லி. சோதனைத் திரவத்தை விட்டு, மறைய எத்தனை வினாடி என்று கைபேசியில் பாருங்கள். பத்து நிமிட இடைவெளியில் அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை. முதல் முறை 10 வினாடி, மூன்றாம் முறை 20 வினாடி என்பதை இலக்காக வையுங்கள். மூன்றாவது முறை நேரம் பல மடங்கு கூடினால் மேல் ஷீட் பூச்சு கரைகிறது, அல்லது ஜெல் அடைக்கிறது.

இரண்டாவது, திரும்ப ஏறும் ஈரம். மூன்றாம் முறை விட்டு ஐந்து நிமிடம் கழித்து, எடைபோட்ட வடிதாள் ஐந்தாறு அடுக்கி, 10 செ.மீ. சதுரப் பலகை வைத்து, அதன்மேல் 3 கிலோ எடையை ஒரு நிமிடம் வையுங்கள். தாளின் எடை எவ்வளவு கூடியது என்பதே மேலே வரும் ஈரம். கடையில் நன்றாக விற்கும் ஒரு பேடையும் அதே நாளில் அதே முறையில் பார்த்து, அதற்குப் பக்கத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள். அந்த ஒப்பீடுதான் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது சரிவு. 30 செ.மீ. பலகையின் ஒரு முனையை 15 செ.மீ. உயர்த்தினால் 30 பாகை சாய்வு. பேடை நீளவாக்கில் ஒட்டி, சிரிஞ்சால் 5 மி.லி.யை ஐந்து வினாடியில் விடுங்கள். கீழே வழிந்ததைத் தாளில் பிடித்து எடை போடுங்கள். பிறகு வேறொரு புதுப் பேடைக் குறுக்குவாக்கில் ஒட்டி, அதேபோல் செய்யுங்கள். ஓரக் கசிவு அப்போது கண்ணெதிரே தெரியும்.

இவையெல்லாம் பட்டறைச் சோதனை. அரசு டெண்டருக்கோ பள்ளிகளுக்கோ கொடுப்பதானால் ஐ.எஸ். 5405 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன் 1980 பதிப்பின்படி, நிமிடத்துக்கு 15 மி.லி. வீதம் 30 மி.லி. திரவத்தை நடுவில் விடும்போது அடியிலோ பக்கத்திலோ தெரியக் கூடாது. 2019-ல் தரநிலை திருத்தப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிய பதிப்பின்படி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்குங்கள். புற ஊதா விளக்குப் பெட்டி மேற்பரப்பை மட்டுமே சுத்தம் செய்யும், உள்ளே போகாது. ஆகவே கை கழுவுவது, தலைமுடி மூடுவது, தூசியில்லாத அறை, அன்றன்றே உறையிடுவது ஆகியவற்றை அந்தப் பெட்டியை நம்பிக் கைவிடாதீர்கள். பயன்படுத்திய பேடைச் சுற்றிப் போட ஒரு தாள் உறையைப் பாக்கெட்டில் சேர்ப்பது திடக்கழிவு விதிகள் உற்பத்தியாளரிடம் எதிர்பார்ப்பது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். முதல் வாரம் மேல் ஷீட்டைச் சோதித்துச் சரிசெய்து, நடுவில் ஒட்டுங்கள். அடுத்து பஞ்சை 6.5 கிராமுக்குக் குறைத்து, டிஷ்யூவில் சுற்றி, பள்ளக் கோடு போடுங்கள். பஞ்சில் மிச்சமாகும் பணம் ஏ.டி.எல். துண்டுக்கு உதவும். பிறகுதான் ஜெல் பேப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் பேடின் பின்புறம் பேனாவால் ஒரு குறியிட்டு, பூப்பறிக்கப் போகிறவர், மில்லில் நின்றே வேலை செய்பவர், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று வேறுவேறு வேலை உள்ள பத்துப் பேரிடம் கொடுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். எத்தனை மணி நேரம் வைத்திருந்தீர்கள், கறை எந்தப் பக்கம் பட்டது, எப்போது பட்டது, எங்கே உரசியது என்று கேளுங்கள். முன்பக்கம் கறை என்றால் இறக்கையும் ஏ.டி.எல். துண்டும் வைத்த இடம் தவறு. பக்கத்தில் என்றால் மேல் ஷீட்டும் அதன் ஒட்டும். பின்பக்கம், அதுவும் விடியற்காலையில் என்றால் நீளம்.

அப்படிக் கேட்கும்போது சிலர், எந்தப் பேடும் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்பார்கள். தொடர்ந்து சில மணி நேரம், மணிக்கொரு பேடு முழுதாக நனைகிறது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, பெரிய கட்டி கட்டியாக விழுகிறது, மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அது பேடின் குறை அல்ல. அவரிடம் இன்னும் தடித்த பேடை விற்காதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பு பேடை மாற்றிய பிறகும் நீடித்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ அதற்கும் இதே வழிதான்.